எந்தப் பதிப்பில் ஓட்டினீர்கள்?

2012-ல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் மூளையைப் பற்றிய கட்டுரை. உள்ளே போனால் கணினியைப் பற்றியது. எம்ஆர்ஐ படங்களை வாங்கிக்கொண்டு, மூளையின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு பெரிது, மேற்புறணி எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று அளந்து சொல்லும் ஃப்ரீசர்ஃபர் என்றொரு மென்பொருள் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அவர்கள் ஒரே ஆட்களின் ஒரே படங்களை எடுத்து, அந்த மென்பொருளின் 4.3.1, 4.5.0, 5.0.0 ஆகிய மூன்று பதிப்புகளிலும் ஓட்டிப் பார்த்தார்கள். ஹெச்பி கணினியில் ஓட்டினார்கள், ஆப்பிள் மேக்கில் ஓட்டினார்கள். மேக்கிலேயே இயங்குதளம் 10.5-லும் 10.6-லும் தனித்தனியாக ஓட்டினார்கள்.

ஆள் அதே ஆள், படம் அதே படம். அளவு மட்டும் வேறு வேறாக வந்தது. 5.0.0-க்கும் முந்தைய இரண்டு பதிப்புகளுக்கும் இடையே கன அளவில் சராசரியாக 8.8 சதவீத வித்தியாசம். பகுதிக்குப் பகுதி பார்த்தால் குறைந்தது 1.3 சதவீதம், கூடுதலாக 64 சதவீதம். தடிமனில் சராசரி 2.8 சதவீதம். பதிப்பை மாற்றாமல் கணினியை மட்டும் மாற்றினாலும், இயங்குதளத்தை மட்டும் மாற்றினாலும்கூட வித்தியாசம் வந்தது. பதிப்பு மாற்றத்தால் வந்ததில் ஏறக்குறைய பாதி அளவுக்கு.

மறதி நோயில் மூளை ஆண்டுக்கு ஆண்டு சுருங்குவதை அளக்கிறவர் தேடிக்கொண்டிருப்பதே சில சதவீத மாற்றத்தைத்தான். முதல் ஆண்டுப் படங்களைப் பழைய பதிப்பிலும் மூன்றாம் ஆண்டுப் படங்களைப் புதிய பதிப்பிலும் ஓட்டிவிட்டால், சுருங்கியது மூளையா மென்பொருளா என்று யார் சொல்வது? ஆய்வின் நடுவில் மென்பொருளையோ இயங்குதளத்தையோ கணினியையோ மாற்றாதீர்கள், மாற்றியே ஆகவேண்டும் என்றால் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுங்கள் என்பது அந்தக் கட்டுரை சொன்ன புத்தி.

ஃப்ரீசர்ஃபர் ஒரே நிரல்போலத் தெரிந்தாலும் உள்ளே பல கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. இன்றைய ஆய்வுகளில் பெரும்பாலானவை இப்படித்தான். பணிப்பாய்வு என்று எழுதுகிறோம். ஆய்வுக்கூடத்தில் பைப்லைன் என்றே சொல்கிறார்கள். மரபணு ஆய்வை எடுத்துக்கொள்வோம். வரிசைப்படுத்தும் இயந்திரம் கோடிக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளைக் கொட்டுகிறது. அதில் தரம் குறைந்ததைக் கழிக்க ஒரு நிரல். மிஞ்சியது மனித மரபணுத்தொகையில் எந்த இடத்தில் பொருந்துகிறது என்று பார்க்க இன்னொரு நிரல். அடுக்குவதற்கு ஒன்று, மாறுபாடுகளைப் பிடிப்பதற்கு ஒன்று, பிடித்ததில் நம்பத்தகாததை வடிகட்ட ஒன்று. ஒவ்வொன்றையும் எழுதியவர்கள் வேறு, ஊர் வேறு, புதுப்பிக்கும் வேகம் வேறு. இவற்றைக் கோத்து வரிசையாக ஓட்டுவதற்கு கேலக்ஸி, ஸ்னேக்மேக், நெக்ஸ்ட்ஃப்ளோ என்று தனி மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் பதிப்புகள் உண்டு.

சாயங்காலம் என்னோடு டீ குடிக்க வரும் அண்ணாச்சி பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் ஆவணக் கண்ணோடுதான் பார்ப்பார். இதையெல்லாம் கேட்டுவிட்டு, “எந்தப் பதிப்புல ஓட்டுனோம்னு கட்டுரையில ஒரு வரி எழுதிப்போட்டா தீந்துச்சு. இதுல என்ன தம்பி சிக்கலு?” என்றார்.

நியாயமான கேள்வி. அந்த ஒரு வரியில் எதை எழுதுவது என்பதுதான் சிக்கல்.

மரபணு ஆய்வில் நிரலைவிட அதிகமாக ஆளைக் கவிழ்ப்பது அது ஒப்பிட்டுப் பார்க்கும் தரவு. மனித மரபணுத்தொகைக்கு ஒரு பொது மாதிரி வைத்திருக்கிறார்கள்; 2009-ல் ஒரு பதிப்பு, 2013 கடைசியில் அடுத்தது. 2009 பதிப்பை கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகம் ‘ஹெச்ஜி19’ என்ற பெயரில் தன் தளத்தில் தந்தது. மற்றவர்கள் ‘ஜிஆர்சிஹெச்37’ என்று வைத்திருந்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். கிட்டத்தட்ட ஒன்றுதான். மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுவில் மட்டும் இல்லை. ஹெச்ஜி19-ல் முதலில் சேர்த்திருந்த மைட்டோகாண்ட்ரிய வரிசைக்கு 16,571 எழுத்துகள். மற்றவர்கள் கைக்கொண்ட தர வரிசைக்கு 16,569. நடுவில் ஓர் எழுத்து கூடினாலும் அதற்குப் பின்னால் வரும் எல்லா இடங்களின் எண்ணும் தள்ளிப்போகும். தாய்வழி நோய் ஒன்றுக்கு இன்ன எண்ணுள்ள இடத்தில் மாற்றம் இருக்கிறதா என்று தேடுகிறவர், தவறான மாதிரியை வைத்துத் தேடினால் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்டிக்கொண்டிருப்பார். நிரல் எந்தப் பிழைச்செய்தியும் காட்டாது. அதன் பதிப்பு எண்ணும் சரியாகவே இருக்கும்.

கொரோனா காலத்தில் இது வேறொரு உருவத்தில் வந்தது. வைரஸின் மரபணு வரிசையைக் கொடுத்தால் அது எந்த வழித்தோன்றல் என்று சொல்லும் பாங்கோலின் என்ற கருவியை எடின்பரோ ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். டெல்டாவுக்கு பி.1.617.2 என்ற பெயர் இருந்தது நினைவிருக்கும். 2021-ல் டெல்டா பரவப் பரவ அதற்குள்ளேயே கிளைகளைப் பிரித்து ஏஒய்.1, ஏஒய்.2 என்று பெயரிட்டுக்கொண்டே போனார்கள். ஜூன் மாதம் ஒரு மாதிரியை ஓட்டினால் பி.1.617.2 என்று வரும். அதே மாதிரியை டிசம்பரில் ஓட்டினால் ஏஒய் என்று தொடங்கும் ஏதோ ஒரு பெயர் வரலாம். கருவியின் நிரலில் ஒரு வரிகூட மாறியிருக்க வேண்டியதில்லை. அது பார்த்துச் சொல்லும் பட்டியல் மாறியிருந்தால் போதும். அந்தக் கருவியை எழுதியவர்கள் விவரமானவர்கள். விடையைத் தரும் கோப்பிலேயே நிரலுக்கு ஒரு பதிப்பு எண், வகைப்படுத்தும் தரவுக்கு ஒன்று, கவலைக்குரிய திரிபுகளைச் சரிபார்க்கும் துணைக்கருவிக்கு ஒன்று, அந்தத் துணைக்கருவி வைத்திருக்கும் வரையறைகளுக்கு ஒன்று என்று தனித்தனிப் பத்திகள் வைத்தார்கள். ‘டெல்டாவா இல்லையா’ என்ற ஒரு சொல் விடைக்கு இத்தனை எண்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் நான் பார்த்த அறிவியல் கருவிகளில் தன் விடைக்கு இவ்வளவு நேர்மையாகப் பொறுப்பேற்றுக்கொண்டவை குறைவு.

இன்னும் ஆழத்தில் ஒளிந்திருப்பவை உண்டு. 2019-ல் ஹவாய் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் ஒரு நீலப்பச்சைப் பாசியிலிருந்து பிரித்தெடுத்த சேர்மங்களின் அமைப்பைக் கண்டுபிடிக்க முயன்றுகொண்டிருந்தார்கள். அதற்கான கணக்கைச் செய்து தருவதற்கு பைத்தான் மொழியில் எழுதிய சிறு நிரல்கள் 2014-லிருந்து பொதுப் புழக்கத்தில் இருந்தன. அதே கோப்புகளை அதே நிரலில் போட்டும், ஒரு கணினியில் ஒரு விடை, இன்னொன்றில் வேறு விடை. விண்டோஸ் 10-லும் மேக்கின் மேவரிக்ஸ் பதிப்பிலும் 173.2, மேக்கின் மொஹாவியில் 172.7, உபுண்டுவில் 172.4. தோண்டிப் பார்த்தபோது காரணம் அற்பமாக இருந்தது. நிரல் ஒரு கோப்புறையில் உள்ள கோப்புகளின் பட்டியலைத் தரும்படி இயங்குதளத்தைக் கேட்கிறது. அகரவரிசையில்தான் வரும் என்று எண்ணி, முதல் வகைக் கோப்பையும் இரண்டாம் வகைக் கோப்பையும் ஜோடி சேர்க்கிறது. சில இயங்குதளங்கள் அப்படித் தரும், சில தராது. தராத இடத்தில் ஜோடி மாறிவிடும். திருத்தம் என்னவோ ஒரே வரி: பட்டியலை வாங்கியதும் வரிசைப்படுத்து. நிரலை முதலில் எழுதியவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஐந்து ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படவில்லை. அதன் பதிப்பு எண்ணைப் பிழையில்லாமல் கட்டுரையில் எழுதியவர்களுக்கும் அந்த எண்ணால் ஒரு உபயோகமும் இருந்திருக்காது.

ஆக ஒரு பணிப்பாய்வின் பதிப்பு என்று நாம் சொல்வது ஓர் எண் கிடையாது. எந்தக் கட்டம் எதற்குப் பின் என்று சொல்லும் வரைவு, கட்டங்களில் உட்கார்ந்திருக்கும் கருவிகள், அவை சாய்ந்திருக்கும் நூலகங்களும் இயங்குதளமும், ஒப்பிடும் தரவு, ஓட்டியவர் கொடுத்த அமைவுகள், கோத்து ஓட்டிய இயந்திரம் எல்லாம் சேர்ந்த ஒரு கட்டு அது. ஒன்று நகர்ந்தாலும் கட்டு வேறு.

“சரி, கட்டுக்கு ஒரு பேரு வைக்கணும்லா?” என்றார் அண்ணாச்சி.

வைக்கிறார்கள். ஆனால் பெயர் வைக்கும் முறைகளில் தராதரம் இருக்கிறது. ‘இறுதி’, ‘இறுதி2’, ‘இதுதான்இறுதி’ என்று கோப்புக்குப் பெயர் வைப்பதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, எல்லாருக்கும் பழக்கம்தான். அதற்கு மேற்பட்டது மூன்று எண் முறை. 5.0.0 என்பதுபோல. கடைசி எண் கூடினால் பிழைதிருத்தம், நடு எண் கூடினால் புது வசதி, முதல் எண் கூடினால் பழையதோடு பொருந்தாத மாற்றம் என்பது பலரும் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது எழுதியவர் கொடுக்கும் வாக்கு. வாக்கைக் காப்பாற்றினாரா என்று எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அறிவியலுக்கு இதில் இன்னொரு குறையும் உண்டு. பொருந்துமா பொருந்தாதா என்று மென்பொருள்காரர் பார்ப்பது, நிரலோடு நிரல் பேச முடிகிறதா என்பதைத்தான். ஆய்வாளருக்கோ விடை மாறுமா என்பது கேள்வி. கடைசி எண் மட்டும் கூடிய ஒரு பிழைதிருத்தம் விடையைப் புரட்டிப்போட்டுவிடலாம். ஹவாயில் பார்த்த அந்த ஒரு வரி திருத்தம் அப்படிப்பட்டது.

அடுத்தது, உள்ளடக்கத்திலிருந்தே பெயரை எடுப்பது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் லினக்ஸ் வேலைக்காக எழுதிய கிட் இதைத்தான் செய்கிறது. கோப்புகளையும், மாற்றியவர் குறிப்பையும், இதற்கு முந்தைய நிலையின் பெயரையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு கணக்குக்குள் விட்டு 40 எழுத்துள்ள ஒரு கைரேகையை எடுக்கும். 0 முதல் 9 வரையான எண்களும் ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துகளும் கலந்த சரம். எங்காவது ஒரு காற்புள்ளி மாறினாலும் கைரேகை முற்றிலும் வேறாகிவிடும். முந்தைய நிலையின் கைரேகையும் உள்ளே இருப்பதால், பழைய வரலாற்றில் யாராவது கைவைத்தாலும் இன்றைய பெயர் ஒத்துப்போகாது. யாரும் யாரையும் நம்பத் தேவையில்லை. கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம். (அந்தக் கணக்கு முறையில் இரண்டு வேறு கோப்புகளுக்கு ஒரே கைரேகை வரும்படி செய்துகாட்ட முடியும் என்று 2017-ல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வு மையம் ஒன்றும் கூகுளும் சேர்ந்து நிரூபித்தன. கள்ளம் செய்ய முனைகிறவர்களைப் பற்றிய கவலை அது. ஆய்வுக்கூடத்தில் நம் கவலை பெரும்பாலும் மறதியைப் பற்றியது.)

கிட்டிலேயே ‘மெயின்’ போன்ற கிளைப் பெயர்களும் உண்டு, ‘டேக்’ எனப்படும் ஒட்டுச் சீட்டுகளும் உண்டு. கிளைப் பெயர் நாள்தோறும் நகரும். ஒட்டுச் சீட்டு நகராது என்று எதிர்பார்க்கிறோம், ஆனால் பிய்த்து வேறிடத்தில் ஒட்ட முடியும். 40 எழுத்துக் கைரேகைக்கு மட்டும் அந்த வித்தை தெரியாது. இதே கதைதான் கன்டெய்னர்களிலும். கருவியையும் அது சாய்ந்திருக்கும் நூலகங்களையும் ஒரே பொட்டலமாகக் கட்டித்தரும் டாக்கர் 2013-ல் வந்தபிறகு ஆய்வாளர்களுக்குப் பெரிய நிம்மதி. நெக்ஸ்ட்ஃப்ளோவை உருவாக்கிய பார்சிலோனா ஆய்வாளர்கள் 2017-ல் ஒரே பணிப்பாய்வை மேக்கிலும் அமேசான் லினக்ஸிலும் ஓட்டி விடைகள் பிசகுவதைக் காட்டினார்கள். கன்டெய்னருக்குள் வைத்து ஓட்டியதும் பிசகு மறைந்தது. ஆனால் அந்தப் பொட்டலத்தின் மேல் ‘லேட்டஸ்ட்’ என்று ஒட்டியிருந்தால் கவனம். அது மிகப் புதியது என்று பொருள்படக்கூட அவசியமில்லை. வேறு பெயர் சொல்லாவிட்டால் வந்து விழும் பெயர், அவ்வளவே. இன்று இழுத்ததும் அடுத்த மாதம் இழுப்பதும் வேறு வேறு பொட்டலமாக இருக்கலாம். கன்டெய்னர்களுக்கும் 64 எழுத்துக் கைரேகை உண்டு. ஆய்வில் எழுத வேண்டியது அதைத்தான்.

கைரேகையால் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன். அதற்கு அர்த்தம் தெரியாது. நிரலில் ஒரு குறிப்புரையின் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் பெயர் மாறும், கணக்கின் அடிப்படையையே மாற்றினாலும் பெயர் மாறும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அது சொல்லாது. அதற்கு மூன்று எண் முறையும், என்ன மாற்றினோம் என்று மனிதர் எழுதும் நாலு வரியும் வேண்டும். இரண்டாவது, கைரேகை இருந்து ஆள் இல்லாவிட்டால் என்ன பயன்? கோப்பை யாராவது வைத்திருக்க வேண்டுமே. ஆயிரக்கணக்கான ஆய்வு நிரல்கள் குடியிருந்த கூகுள் கோட் 2016 தொடக்கத்தில் மூடப்பட்டது. அந்த முகவரிகளைக் கொடுத்திருந்த கட்டுரைகள் இன்றும் இருக்கின்றன. முகவரி இருக்கிறது, வீடு இல்லை. அதே 2016-ல் பிரான்சின் இன்ரியா நிறுவனம் சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் என்ற காப்பகத்தைத் தொடங்கியது. பொதுவெளியில் உள்ள மூலநிரலையெல்லாம் சேர்த்து வைத்து, தனிக் கோப்பு, கோப்புறை, ஒரு மாற்றம், ஒரு வெளியீடு, முழுக் களஞ்சியத்தின் ஒரு நாள் நிலை என்று ஐந்து வகைப் பொருளுக்கும் உள்ளடக்கத்திலிருந்தே அடையாளம் தருகிறார்கள். அந்த அடையாள முறை 2025-ல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆகிவிட்டது.

மேற்கோள் காட்டுவதற்கு ஆய்வாளர்கள் விரும்புவது டிஓஐ என்ற நிலையான அடையாள எண். ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் நடத்தும் செனோடோ இதில் ஒரு நல்ல வேலை செய்தது. 2017-லிருந்து அங்கே எதைப் பதிந்தாலும் இரண்டு எண் கிடைக்கும். ஒன்று குறிப்பிட்ட அந்தப் பதிப்புக்கு. அது எங்கும் நகராது. மற்றது எல்லாப் பதிப்புகளையும் சேர்த்துக் குறிக்கும் பொது எண். அதைச் சொடுக்கினால் எப்போதும் புதிய பதிப்புக்குக் கொண்டுபோகும். ‘இந்தக் கருவி ஒன்று உண்டு’ என்று சொல்ல வந்தால் பொது எண் போதும். ‘இந்த விடையை இதை வைத்துத்தான் எடுத்தேன்’ என்று சொல்ல வந்தால் பதிப்பு எண்தான். இரண்டையும் மாற்றிப் போடும் கட்டுரைகளை நிறையப் பார்க்கலாம்.

எப்போது புதிய பதிப்பு, எப்போது புதிய பணிப்பாய்வே என்பது இன்னொரு தகராறு. 2020-லிருந்து இயங்கும் வொர்க்ஃப்ளோஹப் போன்ற பதிவகங்களில் ஒரே பதிவின் கீழ் ஒன்று, இரண்டு, மூன்று என்று பதிப்புகளைச் சேர்க்கலாம். ஆனால் ஒருவர் வேறொருவரின் பணிப்பாய்வை நகலெடுத்து, நடுவில் ஒரு கருவியை மாற்றி, கடைசியில் இரண்டு கட்டம் சேர்த்தால் அது யாருடைய எத்தனையாவது பதிப்பு? இயந்திரத்தால் தீர்க்க முடியாத வழக்கு இது. என் அபிப்பிராயம் கேட்டால், கேள்வி அதேயாக இருந்து வழி மட்டும் மாறினால் பதிப்பு. கேள்வியே மாறினால் வேறு பெயர். எதுவானாலும் எதிலிருந்து பிரிந்தது என்ற குறிப்பு கூடவே போகவேண்டும்.

இதுவரை பேசியதெல்லாம் பணிப்பாய்வு என்ற வரைவைப் பற்றி. அதை ஒருவர் ஒரு நாள் ஓட்டினார் என்பது தனிச் செய்தி. இந்த இடத்தில்தான் அண்ணாச்சிக்கு உற்சாகம் வந்தது. மனை வாங்குகிறவர் பட்டாவில் இன்று யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு முன்பணத்தை எண்ணிவைப்பதில்லை. முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். யார் யாருக்கு எந்தத் தேதியில் எந்த ஆவண எண்ணில் விற்றார், எப்போது அடமானம், எப்போது மீட்பு, சர்வே எண் எப்போது உட்பிரிவு ஆனது என்று வரிசையாக வரும். ஆய்வு விடைக்கும் அதேதான் வேண்டும்: இந்த எண் எந்தக் கோப்பிலிருந்து வந்தது, அந்தக் கோப்பை எந்தக் கருவியின் எந்தக் கைரேகை எந்த அமைவோடு எந்தத் தேதியில் உண்டாக்கியது, அதற்கு உள்ளே போன கோப்பு எது. “இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா தம்பி” என்றார். “வில்லங்கத்துல இல்லாத ஆவணத்த எவனும் நம்பமாட்டான்.”

இப்படிப்பட்ட வரலாற்றை எழுதுவதற்கு இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2013-ல் ப்ரோவ் என்ற பொது முறையைத் தந்தது. பொருள், செயல், செய்தவர் என்ற மூன்றை வைத்துக்கொண்டு எது எதிலிருந்து பிறந்தது என்று எழுதும் முறை. நெக்ஸ்ட்ஃப்ளோ போன்றவை ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ளே போன கோப்பு, ஓடிய கட்டளை, கன்டெய்னர் ஆகியவற்றைச் சேர்த்துத் தாமாகவே கைரேகை எடுக்கின்றன. பாதியில் நின்ற ஓட்டத்தைத் தொடரச் சொன்னால், கைரேகை மாறாத கட்டங்களை விட்டுவிட்டு மாறியதிலிருந்து மட்டும் ஓட்டும். முதலில் நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் அது. ஆனால் எது மாறியது என்று கண்டுபிடிக்கவும் அதுவே கை கொடுக்கிறது.

பருவநிலை ஆய்வாளர்கள் இதில் மற்றவர்களுக்கு முன்னோடி. உலகின் பல நாட்டு மாதிரிகளையும் ஒப்பிடும் ஆறாம் கட்ட ஒப்பீட்டுத் திட்டத்தில் வெளியான ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் அந்தக் கோப்புக்கே உரிய தேடல் எண் பொறித்திருக்கும். ஓட்டத்துக்கு ‘ஆர்1ஐ1பி1எஃப்1’ என்பதுபோல ஒரு பெயர். முதல் எண் எத்தனையாவது ஓட்டம், அடுத்தது எந்தத் தொடக்க நிலை, மூன்றாவது எந்த இயற்பியல் அமைவு, கடைசி எந்த வகைப் புறத்தூண்டல் தரவு. பார்த்தால் லாரி நம்பர்போல இருக்கும். ஆனால் பிழை என்று ஒரு கோப்பைத் திரும்பப் பெற்றால், அதை எடுத்துக்கொண்டுபோனவர் தன் கையில் இருப்பது அந்தக் கோப்பா, அதன் திருத்திய வடிவமா என்று தானே பார்த்துக்கொள்ள முடியும்.

எல்லாவற்றையும் எழுதிவைத்தாலும் பழைய பணிப்பாய்வு ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. டவர்னா என்ற பழைய மென்பொருளில் எழுதி, மைஎக்ஸ்பெரிமென்ட் என்ற பொதுக் களஞ்சியத்தில் வைத்திருந்த 92 பணிப்பாய்வுகளை 2012-ல் ஒரு குழு எடுத்து ஓட்டிப் பார்த்தது. ஏறத்தாழ 80 சதவீதம் ஓடவில்லை, அல்லது பழைய விடையைத் தரவில்லை. பெரிய காரணம், அவை இணையத்தில் வேறு யாரோ நடத்திய சேவைகளை நம்பியிருந்ததுதான். நடத்தியவர் கடையைச் சாத்தினால் பணிப்பாய்வும் படுத்துவிடும். கோத்து ஓட்டும் மென்பொருளே மொழியை மாற்றிக்கொள்வதும் உண்டு. நெக்ஸ்ட்ஃப்ளோவின் முதல் தலைமுறை எழுத்துமுறையில் எழுதியவற்றை 2023 முதல் வந்த பதிப்புகள் ஓட்டுவதில்லை. எந்தப் பதிப்பில் எழுதியது என்ற குறிப்பு இருந்தால் அந்தப் பழைய பதிப்பையே வரவழைத்து ஓட்ட வழி வைத்திருக்கிறார்கள். குறிப்பு இல்லாதவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கவேண்டியதுதான்.

கடைசியாக ஒன்று பாக்கி. எல்லாக் கைரேகையும் ஒத்துப்போன பிறகும் விடை மயிரிழை பிசகலாம். கணினி தசமங்களைக் கூட்டும்போது ஒவ்வொரு கூட்டலிலும் கடைசி இலக்கத்தைத் திருத்திக்கொள்ளும். ஆயிரம் செயலிகள் பங்குபோட்டுக் கூட்டும்போது எது முந்திக்கொள்கிறதோ அதைப் பொறுத்து அந்தத் திருத்தம் மாறும். அப்படியானால் ‘அதே விடை’ என்று எதைச் சொல்வது?

அமெரிக்காவின் போல்டர் நகரில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வு மையம் தன் பருவநிலை மாதிரிக்கு இதற்கொரு வழி கண்டது. நம்பகமான கணினியில் மாதிரியை 151 முறை ஓட்டினார்கள். ஒவ்வொரு முறையும் தொடக்க வெப்பநிலையை ஒரு டிகிரியில் நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு மட்டும் அசைத்தார்கள். இயற்கையாகவே விடை எவ்வளவு அலையும் என்பது அதில் தெரிந்துவிடும். பிறகு புதிய கணினியிலோ, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித்தரும் கம்பைலரைப் புதிதாக மாற்றியோ ஓட்டிய விடை அந்த அலைச்சலுக்குள் அடங்கினால் அதே மாதிரிதான் என்று ஏற்பார்கள். அடங்காவிட்டால் ஏதோ மாறியிருக்கிறது என்று தேடத் தொடங்குவார்கள். ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் மிரா என்ற சூப்பர் கணினியில் ஓட்டியது அப்படி அடங்காமல் போனது. நிரல் அதே நிரல். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தபோது சந்தேகம் செயலியின் ஒரு கட்டளையில் வந்து நின்றது: பெருக்கலையும் கூட்டலையும் ஒரே மூச்சில் செய்து, இரண்டு முறை திருத்தவேண்டிய கடைசி இலக்கத்தை ஒரே முறை திருத்தும் கட்டளை. உண்மையில் அது கூடுதல் துல்லியமானது. மேகங்களின் நுண்இயற்பியலைக் கணக்கிடும் பகுதியில் அந்த வித்தியாசம் பெருகிப் பெருகி வெளியே தெரியும் அளவுக்கு வந்திருந்தது. அந்தக் கட்டளையைப் பயன்படுத்தாதே என்று கம்பைலருக்குச் சொல்லி மறுபடி ஓட்டினால் மிராவும் தேறிவிட்டது. அண்ணாச்சியின் ஒரு வரியில் கம்பைலருக்குச் சொன்ன அந்தச் சொல்லையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.